பேரை நம்பி ஒரு பெட்டி

திருவெறும்பூரில் யாராவது '6ஜி' என்று சொன்னால் செல்போன் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெல்டிங் பரீட்சை. ஒரு குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, ஓரிடத்தில் தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பற்றவைக்க வேண்டும். முடித்ததும் எக்ஸ்-ரே எடுப்பார்கள், அல்லது அறுத்து வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழியோ விரிசலோ அளவுக்கு மேல் இருந்தால் ஃபெயில். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று மார்க் போடுகிற கதையெல்லாம் கிடையாது.

1965-ல் இங்கே பெல் பாய்லர் தொழிற்சாலை வந்தது. 1975-ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. எறும்பு சிவனைக் கும்பிட்ட ஊர், வெல்டிங் பொறியையும் கும்பிடுகிற ஊராக மாறியது.

இந்தப் பரீட்சையில் என்னைக் கவர்ந்தது அதன் கஷ்டம் அல்ல. அது யாருடைய பேருக்கும் மரியாதை கொடுக்காது என்பதுதான். தட்டையான தகட்டில் கெட்டிக்காரர் என்று சான்றிதழ் வாங்கியவர், அதை வைத்துக்கொண்டு சின்னக் குழாயில் கை வைக்க முடியாது. வெல்டிங் முறை மாறினால் புதுப் பரீட்சை. அமெரிக்க ஏ.எஸ்.எம்.ஈ. விதிப்படி, ஒரு முறையில் ஆறு மாதம் வேலையே செய்யாமல் இருந்தால் பழைய தகுதியும் போச்சு.

பாய்லர் வேலையிலேயே தலை நரைத்துப் போன நண்பர் ஒருவரிடம் கேட்டேன்.

"இருபது வருஷமா வெல்டிங் பண்றவருக்கு மறுபடி எதுக்கு சார் டெஸ்ட்? பாவம் இல்லையா?"

அவர் சிரித்தார். "இருபது வருஷம் அவர் பண்ணது ஆர்க். இப்பக் கேக்கறது டிக். பாய்லருக்கு அவரோட பேரு தெரியாதுங்க. ஜாயின்ட் மட்டும்தான் தெரியும்."

பாய்லருக்குத் தெரியாது. சரி. ஆனால் நமக்குத் தெரிகிறதே! அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நாம் பேரைப் பார்த்து வாங்குகிறவர்கள். கிரிக்கெட்டில் சதம் அடித்தவர் வந்து இந்த சிமென்ட் உறுதியானது என்கிறார், தலையாட்டுகிறோம். சினிமாவில் அடியாட்களைப் புரட்டி எடுத்தவர் நகைக்கடையைக் கைகாட்டுகிறார், போகிறோம். வீட்டில் மூத்த பையன் டாக்டராகிவிட்டால் சொத்துத் தகராறு, தங்கைக்கு வரன், தெற்குப் பார்த்த மனை எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் யோசனை. ஒரு இடத்தில் சம்பாதித்த நம்பிக்கையை இன்னொரு இடத்தில் செலவு செய்ய நாமே அனுமதி கொடுத்துவிடுகிறோம். இது சரிதானா என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

அதற்கு சமீபத்திய உதாரணம் ஒன்று இருக்கிறது. சோனோஸ் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. 2002-ல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஆரம்பித்தது. தொழில், ஒலி. ஹாலில் ஒரு ஸ்பீக்கர், சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ஒயர் இழுக்காமல் எல்லாவற்றிலும் ஒரே பாட்டை ஒரே சமயத்தில் கேட்கலாம். விலை ஜாஸ்தி. ஆனாலும் ஒன்று வாங்கியவர்கள் அடுத்தடுத்து வாங்கினார்கள். 2013-லேயே டி.வி.க்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கரையும் கொண்டுவந்துவிட்டார்கள். டி.வி.யின் காலடியில் வந்து உட்கார்ந்தாயிற்று. அடுத்தது டி.வி.க்குள்ளேயே நுழைய வேண்டியதுதான்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி கசிந்தது. இன்டர்நெட்டில் இருந்து சினிமாவையும் சீரியலையும் இழுத்து டி.வி.யில் காட்டுகிற ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை சோனோஸ் தயாரிக்கிறது. உள்ளே ஓடுகிற மென்பொருளுக்கு, விளம்பரத் தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றோடு கூட்டு. விலை 200-ல் இருந்து 400 டாலர் வரை இருக்கலாம். நம் கணக்கில் ஏறக்குறைய பதினேழாயிரத்தில் இருந்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். இதே வேலையைச் செய்கிற குச்சிகள் அங்கே ஐம்பது டாலருக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. ஆப்பிளின் பெட்டியே 129 டாலர்தான். அப்படியென்றால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு? பெரும்பகுதி அந்தப் பேருக்குத்தான். 'பிரீமியம்' என்கிற வார்த்தைக்கு அதுதானே அர்த்தம்?

அடுத்த மாதமே, மார்ச்சில், திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பெட்டி கடைக்கே வரவில்லை. 'அப்புறம் ஏன் சார் இதைப் போய் எழுதறீங்க?' என்று கேட்பீர்கள். வராத பெட்டியைப் பற்றி அல்ல. அது ஏன் அந்த நேரத்தில் வரக் கூடாது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்த மாதிரி விஷயத்துக்கு ரெடிமேடாக ஒரு பழமொழி இருக்கிறது. தெரிந்த தொழிலை விட்டவனும் கெட்டான், தெரியாத தொழிலைத் தொட்டவனும் கெட்டான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே கடைப்பிடித்திருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பட்டினி கிடந்திருப்பார்கள். திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகளைக் கேளுங்கள். பெல் தரும் ஆர்டரையே நம்பி வளர்ந்தவை அவை. 2010-களின் நடுவில் அனல்மின் நிலைய வேலைகள் சுருங்கியபோது, பல பட்டறைகள் வேறு வேலை தேடி அலைய வேண்டியிருந்தது. பேராசைக்காக அல்ல, வெள்ளிக்கிழமை கூலி கொடுப்பதற்காக. இவர்களிடம் போய்த் 'தெரியாத தொழிலைத் தொடாதே' என்று பழமொழி சொல்வது பாவம்.

இன்னொரு உதாரணமும் நமக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. காரைக்குடியில் இருந்து கிராமபோன் ரிக்கார்டு வியாபாரத்தில் இறங்கிய ஒருவர், 1930-களில் சென்னையில் கூட்டாளிகளோடு 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' நடத்தினார். நல்ல வியாபாரம். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இல்லை, படம் எடுக்கப் போனார். 1935-ல் 'அல்லி அர்ஜுனா'. தோல்வி. அடுத்து 'ரத்னாவளி'. அதுவும் தோல்வி. பழமொழிக்காரர்கள் அப்போது என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஏ.வி.மெய்யப்பன்தான் அவர். 1938-ல் 'நந்தகுமார்' வந்தது. தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கம் என்று இந்தப் படத்தைச் சொல்கிறார்கள். நடிப்பவர் ஒருவர், அவருக்காகப் பாடுகிற குரல் இன்னொருவருடையது. 1944-ல் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்தார். இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று பெயர் வாங்கியது. 1945-ல் ஏவி.எம். புரொடக்ஷன்ஸ் பிறந்தது. கவனித்தீர்களா? பாட்டு வியாபாரி படத்துறையில் தடம் பதித்தது காது வழியாகத்தான். ஒரு குரலை ஓர் உடம்பிலிருந்து பிரித்து இன்னோர் உடம்போடு சேர்க்கலாம் என்பது ரிக்கார்டு விற்றவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். குரல் தனியாகப் பிரிந்து வந்து கறுப்புத் தட்டில் சுழல்வதைத்தானே அவர் தினமும் பார்த்தார்!

ஆகவே ஒலிக்காரர் ஒளிக்குப் போவது ஒன்றும் தர்மவிரோதம் இல்லை. சரக்கு இருந்தால் போகலாம். தோற்றால் தோற்றுவிட்டுப் போகலாம்.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'அல்லி அர்ஜுனா' தோற்றபோது நஷ்டம் யாருக்கு? எடுத்தவருக்கும் கூட்டாளிகளுக்கும். அவர்கள் கடையில் ரிக்கார்டு வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் அது ஊமையாகிவிடவில்லை. அது பாட்டுக்குப் பாடியது. 1939 மே மாதம் திருச்சி வானொலி நிலையம் ஆரம்பித்த காலத்து வால்வு ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த கம்பெனி வேறு தொழிலுக்குப் போகட்டும், திவாலாகட்டும், பேரே மறந்து போகட்டும். வால்வு கிடைக்கிற வரைக்கும், தெருமுனை மெக்கானிக் உயிரோடு இருக்கிற வரைக்கும், கச்சேரி கேட்கலாம். விற்றவன் வேறு, விற்ற பொருள் வேறு. பணம் கைமாறியதோடு உறவு முடிந்தது.

இன்றைக்கு அப்படி முடிவதில்லை. பெட்டி நம் வீட்டில் இருக்கும். அதன் குடுமி கம்பெனி கையில் இருக்கும்.

2024 மே மாதம் சோனோஸ் தன் ஸ்பீக்கர்களை இயக்குகிற செல்போன் ஆப்பை அடியோடு மாற்றியது. காலையில் எழுப்புகிற அலாரத்தைச் சரிசெய்ய வழியில்லை. தூங்கப் போகும்போது தானாக நிற்கிற டைமர் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த பாட்டுகளைத் தேட முடியவில்லை. கண் பார்வை இல்லாதவர்கள் திரையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பயன்படுத்துவார்கள் இல்லையா, அந்த வசதியும் தடுமாறியது. பத்து வருஷமாக நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்கள் ஒரே நாளில் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் புதிதாக எதையும் வாங்கவில்லை. கீழே போட்டு உடைக்கவும் இல்லை. எங்கேயோ யாரோ எதையோ அவசரப்பட்டு மாற்றியதற்கு இங்கே கூடத்தில் பாட்டு நின்றது.

எதற்கு அந்த அவசரம்? அதற்கு அடுத்த மாதம்தான் அந்தக் கம்பெனியின் முதல் ஹெட்போன், 449 டாலர் விலையில் வரவிருந்தது. புதுச் சரக்குக்காக ஆப்பை முடுக்கியது ஒரு காரணம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அதாவது, நாளை வரப்போகிற வாடிக்கையாளருக்குப் பந்தி போடுவதற்காக, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையை இழுத்த மாதிரி ஆகிவிட்டது.

இதைத்தான் நான் நியாயம், அநியாயம் என்கிற கணக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். நல்ல பேர் என்பது கம்பெனியின் முதலா, அல்லது கம்பெனி பட்ட கடனா?

கம்பெனிக்காரரைக் கேட்டால் முதல் என்பார். கணக்கர்கள் அதற்கு மதிப்புப் போட்டு விலைகூடப் பேசுவார்கள். முதல் என்றால் என் இஷ்டம். இங்கே போடுவேன், அங்கே போடுவேன், போனால் எனக்குத்தானே போகிறது?

ஆனால் அந்த முதலைக் கொடுத்தது யார்? கூடுதல் விலை கொடுத்து வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரிடமும் மச்சினரிடமும் 'வாங்கினா இதை வாங்குங்க மாப்ளே' என்று சொன்னவர்கள். அவர்கள் தானம் பண்ணவில்லை. 'நாளைக்கும் இது பாடும்' என்று எதிர்பார்த்துக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். திருப்பித் தர வேண்டியதைக் கொடுத்து வைத்தால் அதற்குப் பேர் கடன். கடன் வாங்கிய பணத்தில் வியாபாரம் செய்வது தப்பில்லை. ஊரில் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் பழைய கடன்காரர் வாசலில் நிற்கும்போது புதுக் கடைக்குப் பூஜை போடுவதில்தான் தப்பு இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கியது எல்லாமே முழுக்க நம்முடையதாகிவிடுவதில்லை என்பதற்கு, மெய்யப்பச் செட்டியார் வாழ்க்கையிலேயே இன்னொரு அத்தியாயம் உண்டு. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். பத்திரப்படி அவருடையது. ஆனால் பாரதி ஊருக்குச் சொந்தம் என்று தமிழ்நாடு நினைத்தது. தகராறு வந்தது, எதிர்ப்பு வந்தது, பொதுக் கோரிக்கை எழுந்தது. 1949-ல் அந்த உரிமையைப் பணம் வாங்காமலே அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். பத்திரத்தில் இருப்பது ஒன்று, ஜனங்கள் மனசில் இருக்கிற பாத்தியதை இன்னொன்று. வியாபாரிக்கு இரண்டாவதும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சோனோஸுக்கு அந்தப் படிப்பு தாமதமாகத்தான் வந்தது. 2020 ஜனவரியிலேயே ஒரு எச்சரிக்கை மணி அடித்தது. பழைய கருவிகளுக்கு இனிமேல் புது மென்பொருள் கிடையாது என்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2024 ஜூலையில் ஆப் விவகாரத்துக்காக அதே தலைவர் மறுபடி மன்னிப்புக் கேட்டார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. தயாராக இருந்த இரண்டு புதுச் சரக்குகளை ஆப் சரியாகும் வரை தள்ளிப்போட்டார்கள். 2024 அக்டோபரில், உத்தரவாதக் காலத்துக்குள் இருந்த வீட்டு ஸ்பீக்கர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் கூட்டிக் கொடுத்தார்கள். தரமும் நம்பிக்கையும் திரும்பினாலொழிய அந்த வருஷ போனஸ் எங்களுக்கு வேண்டாம் என்று மேலதிகாரிகள் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் அந்தத் தலைவர் விலகினார். அப்படியும் அடுத்த மாதமே டி.வி. பெட்டிச் செய்தி வந்தபோது பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 'முதல்ல ஹாலில் பாட்டு வரட்டும், அப்புறம் படம் காட்டலாம்' என்றுதானே சொல்லத் தோன்றும்? பெட்டியைக் கைவிட்டதற்கு அவர்கள் மனசில் என்ன கணக்கு இருந்ததோ. ஆனால் கடன் கொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவு.

இதற்கு நேர் எதிராக நம் நாட்டிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. பழைய எச்.எம்.வி., 2000-ல் சரிகம என்று பேர் மாற்றிக்கொண்டது. பாட்டுக் கம்பெனி. கருவி செய்கிற தொழில் அல்ல அதனுடையது. 2017-ல் 'கார்வான்' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. பார்க்க அந்தக் காலத்து டிரான்சிஸ்டர். உள்ளே ஐயாயிரம் பழைய பாட்டுகள். தமிழுக்கும் தனியாக வந்தது. அப்பாவுக்கும் பாட்டிக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று. ஐயாயிரமும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. கம்பெனி நாளைக்குப் படம் எடுக்கட்டும், சீரியல் எடுக்கட்டும், ரெண்டும் எடுக்கத்தான் செய்கிறது. பாட்டியின் பெட்டி அதற்காகப் பாட்டை நிறுத்தாது. திருகினால் பாடும். கொடுக்க வேண்டியதை மொத்தமாகக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போயிருக்கிறார்கள்.

எல்லாப் பெட்டியும் இப்படி இருக்க முடியாதுதான். இன்டர்நெட்டில் இருந்து படம் இழுக்கிற பெட்டிக்குக் கம்பெனியின் கை எப்போதும் தேவை. அந்தக் கை தேவைப்படுகிற காலம் வரை, அது கம்பெனியின் கடமையாகவும் ஆகிவிடுகிறது. பொருளை மட்டும் விற்கவில்லை. கவனத்தையும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள். கவனத்தை வேறு பக்கம் திருப்பினால், விற்ற பொருளில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரிதான்.

திருவெறும்பூர் மலைக்கோயில் கதை தெரிந்திருக்கும். தேவர்கள் அசுரனுக்குப் பயந்து எறும்பாக உருவெடுத்து வந்தார்களாம். லிங்கம் வழவழப்பாக இருந்ததால் ஏற முடியவில்லை. எறும்புகளிடம் 'ஏறக் கத்துக்கிட்டு வாங்க' என்று சொல்லவில்லை ஈசன். தாமே புற்றாக மாறிச் சொரசொரப்பாகி, ஏற வசதியாகச் சற்றே சாய்ந்தும் கொடுத்தாராம். எறும்பீஸ்வரர் என்று பேர் வந்தது அப்படித்தான். நம்பி வந்தவனுக்குப் பெரியவன் வளைந்து கொடுத்த கதை. கண் தெரியாத ஒருவர் கையில் இருக்கும் ஆப்பை மாற்றும்போது, மாற்றுகிறவர் இந்தக் கதையை ஒருதரம் நினைத்துக்கொண்டால் போதும். தனியாக நீதி போதனை வகுப்பு தேவைப்படாது.

பாய்லர் விஷயத்தில் நண்பர் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. தான் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண் பதிவாகும். வெல்டர் ரிடையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும், அந்தக் குழாய் எங்கேயோ ஒரு மின்நிலையத்தில் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். விரிசல் விட்டால் எண்ணைப் பார்ப்பார்கள்.

கம்பெனியின் பேரும் பெட்டியின் நெற்றியில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. நாம் அதை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கான எண்.

ஆகவே அடுத்த தீபாவளிக்கு ஏதாவது ஒரு பெட்டி வாங்கப் போனால், கலர் எப்படி, சவுண்டு எப்படி, எத்தனை பர்சன்ட் தள்ளுபடி என்றெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். கூடவே இன்னொரு கேள்வியும்: "தம்பி, இந்தக் கம்பெனி நாளைக்கு வேற வியாபாரத்துக்குப் போயிட்டா, இது எங்க வீட்டுல பாடுமா?"

கடைப் பையன் முழிப்பான். முழிக்கட்டும். நாலு பேர் கேட்டால் அவன் முதலாளியிடம் கேட்பான். நாற்பதாயிரம் பேர் கேட்டால் அந்தக் கேள்வி சான்டா பார்பரா வரைக்கும் போகும்.